மூடி கழற்றாத ரம்பம்

அந்தக் குடும்பத்தில் பத்து விரலும் முழுசாக வைத்திருப்பவனுக்குச் சபையில் வாய் கிடையாது. தலைமுறை தலைமுறையாக மரம் அறுக்கும் குடும்பம். ரம்பத்துக்கு விரல் கொடுத்தவன்தான் ஆள். மற்றவனெல்லாம் வெறும் 'முழுக்கை'. சித்தப்பாவுக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் அடியோடு இல்லை. இருந்தாலும் அந்த இல்லாத விரலால்தான் சுட்டிக்காட்டிப் பேசுவார். யாரைக் காட்டுகிறார் என்று தெரியாமல் அறையில் இருக்கும் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். பட்டறையை நடத்தும் பெரியத்தையின் தம்பிக்கு இடது மோதிர விரலில் பாதி போயிற்று. அன்றிலிருந்து ஊருக்கே அவன் ஒன்பதரை. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

இந்தப் பெருமைக்கு ஒரு சடங்கும் உண்டு. பட்டறைக்குப் புது ரம்பம் வந்தால் முதல் வெட்டு கைவெட்டு. பிளேடின் மேல் மூடி இருக்கக் கூடாது. மரத்தைத் தள்ளக் கட்டை எடுக்கக் கூடாது. விரல் அகலமே உள்ள ரீப்பர் சட்டம் ஒன்றை, ரம்பத்தை ஓட்டப்போகிறவர் வெறுங்கையால் பிளேடை ஒட்டியே தள்ளிக்கொண்டு போய் மறுபக்கம் எடுக்க வேண்டும். குடும்பத்துப் பெரியவர், மரம் நுழையும் பக்கத்தில், பிளேடுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். மரத்தூள் அவர் மடியில் விழ வேண்டும். அதுதான் மரியாதை. வெட்டி எடுத்தவர் அன்று முதல் ரம்பத்துக்குத் தலை. எடுக்கும்போது விரல் போனால்? "ரம்பம் ருசி பாத்துருச்சு, இனிமே கேக்காது" என்று அதையும் நல்ல சகுனமாக்கிவிடுவார்கள். ஒன்பதரை ஒன்பதரை ஆனது அப்படி ஒரு முதல் வெட்டில்தான்.

பெரியத்தைக்குப் பத்து விரலும் உண்டு. அவளுடைய அப்பா கண்ணை மூடும் முன் பட்டறைச் சாவியை மகனிடம் கொடுக்காமல் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். "சாவி பிடிக்க முழுக்கைதானே வேணும்" என்று அன்று சித்தப்பா சிரித்தார். பெரியத்தை அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று செருகியதுதான். வளைந்து கொடுக்காத முதுகு, வளைந்து கொடுக்காத பேச்சு. சரக்கு தாமதமானால் தானே நேரில் போய்ச் சொல்வாள். பழுதான அலமாரியை வாசல் தாண்ட விடமாட்டாள். குடும்பப் பெயர் எழுதிய பலகை பட்டறை வாசலிலும், தெருவின் எதிர்ப்பக்கம் சித்தப்பாவின் கடையிலும் ஒரே எழுத்தில் தொங்கியது. அந்தப் பெயருக்கு ஒரு கீறல் விழுந்தால் அவளுக்கு அன்று சோறு இறங்காது.

நூலகம் ஒன்றுக்கு அடுக்கடுக்காகப் புத்தக அலமாரி செய்யும் வேலை வந்தபோது, பழைய ரம்ப மேசை கையை விரித்துவிட்டது. ஆள் உயரத்துக்கு மேல் நீளமான பிளைவுட் பலகையை அந்தச் சின்ன மேசையில் தள்ளுவது யானையைப் படுக்கையறைக்குள் நுழைப்பது மாதிரி. நேராகவும் வராது, மூலை மட்டமாகவும் வராது. மேசையே வண்டிபோல ஓடும் பெரிய ரம்பம்தான் வேண்டும் என்று ஒன்பதரையின் மகள் சொன்னாள். வீட்டுக்கு ஒரே பிள்ளை. பட்டறையில் அவளுக்கு அளவுகாரி என்று பெயர். சாதத்துக்குக் குழம்பு ஊற்றுமுன்கூட டேப்பை எடுப்பாள் என்று தச்சர்கள் கேலி செய்வார்கள். அறுப்பு வேலையில் அவளுக்கு இணை அந்தத் தெருவில் இல்லை. புது ரம்பத்துக்குத் தலையாக வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

மிஷின்காரரின் கிடங்குக்கு அத்தையும் மருமகளும் போனார்கள். பளபளவென்று கண்ணாடிபோல் நின்ற ஒரு ரம்பத்தை அவர் முதலில் காட்டினார். அளவுகாரி அதன் ஓடும் மேசையைக் கடைசிவரை இழுத்து, நுனியில் உள்ளங்கையை ஊன்றி ஆட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டுப் பலகையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் புரட்டிப் போட்டு, வெட்டிய விளிம்பு இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவே வெளிச்சம் மெல்லிய ஆப்பு போல ஒழுகியது.

"ஒரு மயிரிழைதானேம்மா" என்றார் மிஷின்காரர்.

"ஒரு வெட்டுக்கு மயிரிழை. ஒரு அலமாரி முடியறதுக்குள்ள அது வடக்கயிறு ஆயிடும்" என்றாள் அளவுகாரி.

அடுத்ததாக மூலையில் நின்றதன் வண்ணம் மங்கலாக இருந்தது. ஆனால் வண்டி முழுப் பலகை நீளத்துக்கு ஓடியது, ஆட்டம் இல்லை. பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு குட்டி பிளேடு, பலகையின் அடித்தோல் பெயராமல் முன்கூட்டியே கீறிக்கொடுத்தது. பிளேடுக்குப் பின்னால் மெல்லிய இரும்புத் துடுப்பு ஒன்று நின்றது. பட்டறை வழக்கில் அதற்குப் பின்கத்தி என்று பெயர். வெட்டிய பிளவு திரும்ப மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பிளேடு ஏறினால் அதுவும் ஏறியது, இறங்கினால் இறங்கியது. மேலே தூசி உறிஞ்சும் குழாயோடு மூடி. முழங்கால் உயரத்தில் சிவப்புப் பொத்தான்.

அளவுகாரி ரம்பத்தை ஓடவிட்டு, அந்தப் பொத்தானை முட்டியால் இடித்துப் பார்த்தாள். பிளேடு சட்டென்று அடங்கியது. "கை ரெண்டும் மரத்துல இருக்கும்போது முட்டிதான் கை, அத்தை" என்றாள்.

"மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறியேம்மா" என்று மிஷின்காரர் சலித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை சரியில்லன்னா திருப்பி அனுப்பிடலாம். விரல் போனா திரும்பி வருமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பெரியத்தையிடம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்க குடும்பத்துக்குன்னா மூடியையும் பின்கத்தியையும் நானே கழட்டி வெச்சுக்கறேன். எதுக்கு வீணா சுமந்துக்கிட்டுப் போகணும்? உங்க ஆளுங்க கொண்டுவந்து போட்ட மூடிங்களுக்குன்னே ஒரு பரண் ஒதுக்கியிருக்கேன் பாருங்க" என்று மேலே காட்டினார். உண்மைதான். தூசி படிந்த மூடிகள் வரிசையாகக் கிடந்தன.

பெரியத்தைக்குக் காது மடல் சுட்டது. தன் குடும்பப் பெயர் ஊரான் பரணில் தூசி படிந்து கிடப்பதை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"பரணைக் காலி பண்ணு தம்பி" என்றாள். "இனிமே எங்க வீட்டிலிருந்து அதுக்கு எதுவும் வராது. இந்த மிஷினு, மூடியோட, கத்தியோட, அப்படியே வரட்டும்."

ரம்பம் வந்து இறங்கியது. வண்டி முன்னும் பின்னும் ஓட இடம் வேண்டும் என்று அளவுகாரி மர அடுக்கை இடம் மாற்றி, தரையைத் துப்புரவாக்கினாள். பிளேடுக்கு நேர்கோட்டில் சிவப்பு வண்ணத்தால் ஒரு பட்டை இழுத்து, "ரம்பம் ஓடறப்ப இதுல யாரும் நிக்கக் கூடாது. பிளேடு கவ்வி உதைச்சா மரம் இந்த வழியாத்தான் வரும்" என்று தச்சர்களுக்குச் சொன்னாள்.

சித்தப்பா தெருவைக் கடந்து வந்து, ரம்பத்தைச் சுற்றிப் பார்த்து, சிவப்புப் பட்டையின் நடுவில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொன்னார். "பொம்பளப் புள்ள தலையாகறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. காலம் மாறிடுச்சு. ஆனா கைவெட்டு எடுக்கணும். எடுத்தா நம்ம ரம்பம். எடுக்கலன்னா இந்தப் பட்டறை வேற, நாங்க வேற. வாசல்ல தொங்கற பேரும் இறங்கணும்."

இல்லாத விரல் அளவுகாரியை நோக்கி நீண்டது. இந்த முறை யாரைக் காட்டினார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"எடுக்கறேன், சின்னத் தாத்தா" என்றாள் அளவுகாரி. ஒன்பதரையின் முகம் பூரித்துப் போயிற்று.

அன்று சாயங்காலம் பெரியத்தை சமையலறையில் மருமகளை மடக்கினாள். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? கோடு போட்டு எல்லாருக்கும் பாடம் சொன்னவ நீ!"

"ஒரே ஒரு தடவைதானே, அத்தை. அதுக்கப்புறம் மூடியை மாட்டிடுவேன். யாரும் என்னைக் கேள்வி கேக்க முடியாது."

"ஒரு தடவைதான் உங்கப்பனுக்கும்."

"அப்பா பயந்து கையை இழுத்தார். நான் பயப்பட மாட்டேன்."

"யார் சொன்னா பயந்தான்னு?"

"சின்னத் தாத்தா."

பெரியத்தை அடுப்பை அணைத்தாள். தம்பி முதல் வெட்டு எடுத்த அன்று அவள் அங்கேதான் இருந்தாள். தம்பி பயப்படவே இல்லை. அவன் கை இரும்புபோல் இருந்தது. மரம்தான் மூடிக்கொண்டது. பின்கத்தி இல்லாத பிளேடு அதைக் கவ்வி உதைத்தது, கையையும் சேர்த்து இழுத்தது. தைரியசாலிக்கு ஒரு விரல், கோழைக்கு ஒரு விரல் என்று ரம்பம் பார்த்துக் கடிப்பதில்லை. இதைச் சொன்னாள். அளவுகாரி தட்டைக் கழுவிக்கொண்டே, "எல்லாம் சரி அத்தை. எனக்கு அந்த இடம் வேணும். உங்களுக்குச் சாவி தாத்தாவே கொடுத்தார். எனக்கு யார் கொடுப்பா?" என்றாள்.

அதற்குப் பெரியத்தையிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சமையலறையில் சொல்ல அவள் விரும்பவில்லை.

முதல் வெட்டு நாளில் பட்டறை நிறைந்திருந்தது. எதிர்க்கடை ஆட்கள், பங்காளிகள், குறைந்த விரல்காரர்கள் எல்லாரும் முன்வரிசையில். சித்தப்பா சிவப்புப் பட்டையின் மேல் நாற்காலி போட்டு, பிளேடைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ரம்பத்தில் மூடி இல்லை. பின்கத்தி இல்லை. இரண்டும் சாக்கில் சுற்றி மூலையில் கிடந்தன. காலையிலேயே ஒன்பதரை கழற்றியிருந்தான்.

பெரியத்தை உள்ளே வந்தாள். நேராகச் சுவரில் இருந்த மின்பெட்டிக்குப் போனாள். கைப்பிடியைக் கீழே இழுத்தாள். அதன் துளையில் பூட்டு ஒன்றை மாட்டிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

"என்னக்கா இது?" என்றான் ஒன்பதரை.

"பூட்டு. முழுக்கைக்கு அதுதானே தெரியும்."

முன்வரிசையில் ஒரு முனகல் எழுந்தது. சித்தப்பா நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். "பெரியவளே, பெரியவங்க இருக்கற சபை இது. பிடிவாதம் பிடிக்காத. குடும்ப மானம்."

"அதுக்குத்தான் வந்தேன், சித்தப்பா" என்றாள் அவள். பிறகு மருமகளைப் பார்த்தாள். "நீ அளக்காம எதையும் வெட்ட மாட்டியே. கரண்டு இல்ல, பிளேடு ஓடாது. ரீப்பரை வெச்சு, கையை வெச்சு, அளந்து சொல்லு."

அளவுகாரி கொஞ்சம் தயங்கினாள். பிறகு ரீப்பரை எடுத்துப் பிளேடை ஒட்டி வைத்தாள். தள்ளுவதற்கு வைக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். டேப்பை எடுத்தாள். டேப்பை நீட்டவே இடம் இருக்கவில்லை. ரீப்பர் அவளுடைய சுண்டு விரலைவிட ஒல்லி. மீதி விரல்களை எங்கே வைப்பது? எப்படி மடக்கினாலும் ஒன்று பிளேடின் பல்லைத் தொட்டது. கையைத் திருப்பி வைத்துப் பார்த்தாள், மறுபடியும் தொட்டது. நின்றுபோன பிளேடின் பல் அவள் தோலில் ஒரு வெள்ளைக் கோடு போட்டது.

அவள் டேப்பைச் சுருட்டினாள். "சின்னத் தாத்தா, இது அளவுக்கு வரல" என்றாள்.

"என்னது?"

"கைக்கு இடம் இல்ல. உங்களுக்கும் இல்ல, அப்பாவுக்கும் இல்ல. இது தைரியமே இல்ல, கணக்குத் தப்பு."

"வாயை மூடு! உங்கப்பன் பயந்தான், அதனால போச்சு. நான்—"

"நான் பயப்படல, சித்தப்பா."

சொன்னது ஒன்பதரை. அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது போலும், தொண்டையைச் செருமிக்கொண்டான். "இத்தனை காலமும் பயந்தான்னே சொல்லிட்டீங்க. சிரிச்சிட்டு விட்டுட்டேன். நான் கையை இழுக்கவே இல்ல. அதுதான் இழுத்துச்சு."

பெரியத்தை மூலையில் கிடந்த சாக்கைக் காலால் தம்பியின் பக்கம் தள்ளினாள். "கழட்டினவன்தான் மாட்டணும்."

ஒன்பதரை பங்காளிகளைப் பார்த்தான், சித்தப்பாவைப் பார்த்தான், மகளின் கையைப் பார்த்தான். குனிந்து சாக்கைப் பிரித்தான். பின்கத்தியைப் பிளேடுக்குப் பின்னால் நிறுத்தி முறுக்கினான். மூடியைத் தாழ்த்தினான். பாதி விரல் உள்ள கை அந்தத் திருகாணிகளைத் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தது, நேரம் எடுத்தது. உதவிக்கு யாரும் வரவில்லை, பெரியத்தையும் யாரையும் விடவில்லை.

"சரி, இனி பூட்டைத் திற" என்றார் சித்தப்பா. "என்ன கிழிக்கறீங்கன்னு பாக்கறேன்."

"நீங்க அந்தக் கோட்டை விட்டு எழுந்திரிச்சதும் திறக்கறேன்."

"எங்கப்பா உக்காந்த இடம் இது."

"எழுந்திரிக்கலன்னா ரம்பம் ஓடாது."

"நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"அப்போ டீ போடச் சொல்றேன்" என்றாள் பெரியத்தை.

டீ வந்தது. சித்தப்பா வீம்புக்கு இரண்டு தம்ளர் குடித்தார். மூன்றாவதையும் வாங்கிக்கொண்டார். வந்தவர்கள் சுவரோரமாகச் சாய்ந்தார்கள், சிலர் வெளியே போய் வந்தார்கள். பெரியத்தை மின்பெட்டியின் பக்கத்தில் நின்றவள் நின்றபடியே இருந்தாள். கால் மாற்றிக்கூட நிற்கவில்லை. வெயில் வாசலைத் தாண்டி உள்ளே நகர்ந்தது. சித்தப்பா ஒரு தொடையின் மேல் மறு தொடையைப் போட்டார். பிறகு மாற்றிப் போட்டார். நெற்றியில் வேர்வை பூத்தது.

"என்ன சித்தப்பா, நெளியறீங்க?" என்றார் பங்காளி ஒருவர், அப்பாவியாக.

"மூணு டீ, மாமா. மானம் தாங்கும், மத்தது தாங்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு தச்சன் சொல்ல, முன்வரிசையே தோள் குலுங்கியது.

கடைசியில் அவர் எழுந்தார். யாரையும் பார்க்காமல், கொல்லைப்பக்கம் விறுவிறுவென்று போனார். பெரியத்தை நடந்து வந்து நாற்காலியைத் தூக்கி, ரம்பத்தின் பக்கவாட்டில், வெட்டு நன்றாகத் தெரியும் இடத்தில் போட்டாள். அதன்மேல் விழுந்திருந்த தூசியைக் கையால் தட்டிவிட்டாள்.

சித்தப்பா திரும்பி வந்து நாற்காலி நகர்ந்திருப்பதைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இதுவும் முதல் இடம்தான்" என்றாள் பெரியத்தை. "உங்களுக்கு நான் ஓர இடம் கொடுக்கல. அடிபடாத இடம் கொடுத்திருக்கேன். இந்தப் பட்டறையில பெரியவங்க இருக்கற இடம் அதுதான்."

அவர் உட்காரவில்லை. வாசற்படியில் போய், பட்டறைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"சரி, அங்கயும் நிக்கலாம். அதுவும் கோட்டுக்கு வெளியேதான்" என்று சொல்லிவிட்டுப் பெரியத்தை பூட்டைத் திறந்தாள். திறந்த கையோடு, மின்பெட்டிப் பூட்டின் சாவியைச் சாவிக்கொத்திலிருந்து உருவி மருமகளின் உள்ளங்கையில் வைத்தாள். "யார் கொடுப்பான்னு கேட்டியே. நான் கொடுக்கறேன். எல்லாரும் பாக்கக் கொடுக்கறேன்."

அளவுகாரி தலைமுடியை இறுக்கி முடிந்தாள், சட்டைக் கையை மடித்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பிளேடுக்கு இடப்பக்கமாக நின்றாள். ரீப்பரை ஓடும் மேசையின் மேல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இறுக்கி வைத்தாள். கைகள் கட்டையின் மேல், கட்டை வண்டியின் மேல்; பிளேடு தன் வேலையைத் தனியாக, மூடிக்குள்ளே செய்துகொள்ள வேண்டியதுதான். முட்டி சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடவிடும் பொத்தானைக் கையால் அழுத்தினாள். ரம்பம் பாட ஆரம்பித்தது. வண்டி போயிற்று, வந்தது. பிளேடு அடங்கி நிற்கும்வரை அவள் மரத்தைத் தொடவில்லை.

ரீப்பரை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். ஒன்பதரை கட்டைவிரலால் விளிம்பைத் தடவினான். இழைப்புளி போட்டதுபோல் இருந்தது. அப்படியே பக்கத்து ஆளிடம் நீட்டினான். அது முன்வரிசை முழுக்கக் கைமாறிப் போயிற்று. விரல் குறைந்த கைகள் ஒவ்வொன்றும் அதை வெகுநேரம் வைத்திருந்தன.

வாசலில் இருந்து சித்தப்பா திரும்பாமலே பேசினார். "இது வெட்டே இல்ல. கைவெட்டு எடுக்காத ரம்பம் நம்ம ரம்பம் இல்ல. பேரை இறக்கு."

பெரியத்தை வாசலுக்கு வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள். தலைக்கு மேலே பலகை தொங்கியது.

"பேரு எங்கப்பா எழுதினது. உங்க அண்ணன். நான் இறக்க மாட்டேன். உங்களுக்கு இறக்கணும்னு தோணினா ஏணி உள்ள இருக்கு, எடுத்துத் தரச் சொல்றேன். ஏறும்போது ஒருத்தர் கீழே பிடிச்சுக்கணும். அதுவும் இங்க சட்டம்."

சித்தப்பா பலகையை நிமிர்ந்து பார்த்தார். பங்காளிகளைத் திரும்பிப் பார்த்தார். ஏணியைக் கொண்டுவர ஒருவரும் அசையவில்லை. அவர் படியிறங்கித் தெருவைக் கடந்தார். அவருடைய ஆட்களில் சிலர் கூடப் போனார்கள், சிலர் போகவில்லை.

"போனா போகட்டும்" என்று பெரியத்தை உரக்கவே சொன்னாள், எதிர்க்கடைவரை கேட்கட்டும் என்று. உள்ளே திரும்பினாள். "என்ன எல்லாரும் வேடிக்கை? நூலகத்துக்காரங்க ரீப்பரா கேட்டாங்க? பெரிய பலகையைத் தூக்குங்க. டேய் ஒன்பதரை, அந்தப் பக்கம் பிடி. கோட்டுல கால் வெக்காத."